துடும்பு, உருமி அடிக்கற கை மிருதங்கத்துக்குப் போனா: எதை முதல்ல படிக்கறது, எதை விடக்கூடாது?

அமராவதிக்கரை கேட்டது:

வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் ஒரு ஜமாப் செட்டுல (நோம்பிக்கு அடிக்கற மேளக் குழு) இருக்கற நாலு பசங்களுக்காகக் கேக்கறனுங்க. வயசு 17ல இருந்து 23 வரைக்கும். ஒருத்தன் உருமி, ரெண்டு பேரு துடும்பு, ஒருத்தன் பம்பை. மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டுல இருந்து மறுபூசை வரைக்கும் சளைக்காம அடிப்பாங்க. ஆடறவன் காலைப் பாத்தே அடியை மாத்திருவாங்க. ஆனா "இந்த அடி எத்தனை எண்ணிக்கை?"ன்னு கேட்டா பதில் வராதுங்க.

நாலு பேருமே மிருதங்கமும் கொன்னக்கோலும் (தாளச் சொல்லை வாயால சொல்றது) முறையா படிக்கோணும்னு நிக்கறாங்க. செட்டை விடற எண்ணம் யாருக்கும் இல்லை. சந்தேகம் இதுதானுங்க: குச்சி புடிச்ச கை விரலடிக்கு மாறுமா, மாறினா பழைய கை போயிருமா? ஊர்வலத்துல வேகம் தானா ஏறிப் பழகினவங்களுக்குக் காலப்பிரமாணம் (எடுத்த வேகம்) எப்படி நிக்க வெக்கறது? பழைய மிருதங்கம் வாங்கறதுன்னா என்ன பாத்து வாங்கோணும்? யாரு வாசிப்பைக் கேக்கச் சொல்லோணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

வலந்தலை_ஈரோடு:

முதல் மூணு மாசத்துக்கு மிருதங்கத்தை வாங்கவே வேண்டாமுங்க. வாயும் கையும் போதும்.

காரணம் சொல்றேன். இந்தப் பசங்களுக்கு லயம் ஒடம்புல இருக்குது, கணக்குல இல்லை. வாத்தியத்தைக் கையில குடுத்தா ஒடம்பு முந்திக்கும், கணக்கு பின்னாடியே நிக்கும். சொற்கட்டு (தகதிமி மாதிரி தாளச் சொல்) வாயில வந்துட்டா அப்புறம் எந்தத் தோல்லயும் அதை வாசிக்கலாம்.

ஆதி தாளத்துல ஆரம்பிங்க. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் 8. மெட்ரோனோமை (சீரா 'டிக் டிக்'னு தட்டற கருவி) நிமிஷத்துக்கு 60ல வெச்சுட்டு "தகதிமி"யை மூணு காலத்துல சொல்லச் சொல்லுங்க. முதல் காலத்துல ஒரு எண்ணிக்கைக்கு ஒரு சொல், ரெண்டாங் காலத்துல 2, மூணாங் காலத்துல 4. கீழ இருந்து மேல போய்த் திரும்பக் கீழ வரோணும். ஏறறப்ப எல்லாருக்கும் சரியா வரும். எறங்கி முதல் காலத்துக்கு வர்றப்பதான் கை தடுமாறும். அங்கதான் வேலை இருக்குது.

அது உக்காந்தப்புறம் நடை (ஒரு எண்ணிக்கைக்குள்ள எத்தனை சொல்லுங்கறது) மாத்துங்க. தகிட 3, தகதகிட 5, தகதிமிதகிட 7. கும்மி அடிக்கறவங்களுக்கு திஸ்ரம் (மூணு) புதுசே இல்லை, "தகிட தகிட"ன்னு சொல்லிக் காட்டினா உடனே புடிச்சுக்குவாங்க. சிக்கல் கண்டத்துல (அஞ்சு) வரும். தக-தகிடன்னு சொல்றப்ப கடைசி "ட"வைக் கொஞ்சம் இழுத்து, அஞ்சை ஆறாக்கிருவாங்க. காதுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா அது கண்டம் இல்லை. இதைக் கண்டுபுடிக்க ஒரு வழி: ஒருத்தன் ஒவ்வொரு "த"வுக்கும் தட்டாம, அஞ்சுக்கு ஒரு தட்டு மட்டும் தட்டட்டும், இன்னொருத்தன் சொல்லட்டும். இழுத்தா நாலே சுத்துல ரெண்டும் பிரிஞ்சிரும்.

கை மாறுமான்னு கேட்டீங்க. மாறும். ஆனா முதல்ல எறக்க வேண்டியது பலத்தை. மிருதங்கத்துல முதல் பாடம் த, தி, தொம், நம். "த" இடது உள்ளங்கையைத் தொப்பியில (இடது பக்கத் தோல்) மூடி அடிக்கறது. "தி" வலது கை நடு, மோதிர, சுண்டு விரல் மூணும் சேந்து, வலது தோல் நடுவுல இருக்கற கருப்பு மேல. "தொம்" இடது விரல் தொப்பியில திறந்து. "நம்" மோதிர விரல் கருப்பு ஓரத்துல சும்மா தொட்டுட்டு நிக்க, ஆள்காட்டி விரல் மீட்டுல (வலது தோலோட ஓர வளையம்) அடிக்கறது.

குச்சிக்காரங்க எல்லாரும் மாட்டறது இந்த "நம்"லதான். மணிக்கட்டுல இருந்து ஓங்கி அடிப்பாங்க, நாதம் வராது, 'டப்'னு செத்த சத்தம் வரும். ஏன்னா அடிச்ச விரல் தோல்ல ஒட்டிக்குது. சுடற தோசைக்கல்லைத் தொட்ட விரல் மாதிரி எடுக்கோணும்னு சொல்லிக் குடுங்க. இன்னொரு தப்பு, தொட்டுட்டு இருக்கற மோதிர விரலை அழுத்தறது. அழுத்தினா நாதம் அடைஞ்சிரும், தூக்கினா சுருதி தப்பின சத்தம் வரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு தொடுகை இருக்குது, மிருதங்கம் கைக்கு வந்தப்புறம் முதல் ரெண்டு மாசம் அதைக் கண்டுபுடிக்கத்தான்.

குளத்துப்பாளையம்_தவில்:

மேல சொன்னது எல்லாம் சரிங்க. ஒண்ணு மட்டும் சேக்கறேன். நாலு பேரையும் மிருதங்கத்துக்கே தள்ள வேண்டாம். துடும்பு அடிக்கற ரெண்டு பேருக்குத் தவில் இன்னும் பக்கமா வரும். தவில்ல ஒரு கைக்குப் பூவரசங் குச்சி, மறு கை விரலுக்குக் கூடு. கூடு போட்ட கையை மட்டும் புதுசா பழக்கினாப் போதும், குச்சிக் கை பாதி தயாரா இருக்குது.

எங்க படிக்கறதுன்னா, ஈரோடு, கரூர், சேலம் மூணு ஊர்லயும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்குது. தவில், மிருதங்கம் ரெண்டும் உண்டு, 3 வருசப் படிப்பு. சேரற வயசு 12ல இருந்து 25. உங்க பசங்க நாலு பேருமே அதுக்குள்ள இருக்கறாங்க, தள்ளிப் போடாதீங்க. கோயமுத்தூர்ல மலுமிச்சம்பட்டியில அரசு இசைக்கல்லூரியும் இருக்குதுங்க.

பேரூர்_கொன்னக்கோல்:

யாருடைய வாசிப்பைக் கேட்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை, 1908 முதல் 1962 வரை வாழ்ந்தவர். அவருடைய தந்தையும் குருவுமான முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். மான்பூண்டியா பிள்ளைதான் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர், அவர் லயம் கற்றது ஒரு தவில்காரரிடம். இந்தத் தொடர்பைப் பையன்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கோயில் வாசலில் நின்று அடிக்கும் வாத்தியத்திலிருந்து கிளம்பிய கணக்குதான் புதுக்கோட்டை வழியாக மிருதங்கத்துக்குள் வந்தது. தாங்கள் ஏதோ கீழிருந்து மேலே ஏறப் போவதாக அவர்கள் நினைத்துக்கொண்டு போனால் படிப்பே கோணலாகிவிடும்.

பழனியார் இடது கைக்காரர். அவர் பக்கவாத்தியம் வாசித்தால் மேடையில் உட்காரும் வரிசையே மாற வேண்டும் என்பதால் தயங்கியவர்கள் உண்டு. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தொடர்ந்து தம் கச்சேரிகளுக்கு அழைத்து ஆதரித்தார். பையன்களில் யாருக்காவது இடது கைப் பழக்கம் இருந்தால் மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

பழனியாரிடம் கேட்க வேண்டியது தொப்பி. கும்கி என்று சொல்வோமே, அடித்தபின் உள்ளங்கை அடியால் தோலை அழுத்தி நகர்த்தி நாதத்தை வளைப்பது, அது அவர் கையில் பேசும். உருமிக்காரப் பையனுக்கு இந்தக் காது ஏற்கெனவே இருக்கும். வளைந்த குச்சியால் தேய்த்து 'ஊம்' என்று எழுப்பும்போது அவன் செய்வதும் நாதத்தை வளைப்பதுதான். ஆனால் உருமியில் தேய்ப்பே சத்தத்தைப் பிறப்பிக்கிறது. கும்கியில் அடி முதலில், அழுத்தம் பிறகு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் தொப்பி அடைத்துக்கொள்ளும்.

அடுத்து பாலக்காட்டு மணி ஐயர், 1912 முதல் 1981 வரை. கணவாயைத் தாண்டினால் அவருடைய ஊர். தாள வாத்தியக்காரர்களில் முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது பெற்றவர், ஆண்டு 1966. அவரிடம் கேட்க வேண்டியது, பாட்டின் சொல்லையும் சங்கதியையும் ஒட்டி மிருதங்கம் நடப்பதை. தவிலுக்கு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, 1933 முதல் 1975 வரை. வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்.

படிப்பு எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால் உமையாள்புரம் சிவராமனைச் சொல்லுங்கள். ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காட்டு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் என நான்கு பேரிடம் கற்றவர். பின்னாளில் தோலை விட்டுச் செயற்கைப் பொருளில் மிருதங்கம் செய்து பார்க்கும் அளவுக்கு ஆராய்ச்சியிலும் இறங்கினார். ஒரு குருவிடம் முழுதாக உட்கார்ந்த பிறகு இன்னொருவரிடம் போவது துரோகமல்ல. ஆனால் முதல் ஐந்து வருடம் ஒரே கை, ஒரே பாணி. ஆரம்பத்திலேயே இரண்டு பாணியில் விரல் வைத்தால் இரண்டும் தங்காது.

கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தனி ஆவர்த்தனத்தை (கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) நான்கு முறை கேட்க வேண்டும். முதல் முறை கையில் தாளம் மட்டும், வேறு எதையும் கவனிக்கக் கூடாது. இரண்டாம் முறை தொப்பியை மட்டும். மூன்றாம் முறை அறுதி (முடிப்பு) எங்கே விழுகிறது என்று மட்டும். நான்காம் முறை, ஒரே ஒரு தீர்மானத்தை (மூன்று முறை திரும்பி முடியும் சொற்கட்டு) நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொல்லாக நோட்டில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு தீர்மானம் எழுதினால் போதும். பின்னணியில் ஓடவிட்டுப் பத்துக் கச்சேரி கேட்பதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அமராவதிக்கரை:

ரொம்ப நன்றிங்க ஐயா. பழனியார் சேதியைப் பசங்களுக்கு அப்படியே படிச்சுக் காட்டறேன். மிருதங்கம் வாங்கற விசயம் யாராச்சும் சொல்லுங்க. 22 அங்குலத்துல ஒண்ணு, 24ல ஒண்ணு பழசு விலைக்கு வந்திருக்குது.

சோறும்_ரவையும்:

அங்குலத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி யாருக்கு வாசிக்கப் போறாங்கன்னு பாருங்க. ஆம்பளைக் குரல் 1 கட்டை சுருதி சுத்தி இருக்கும், அதுக்குத் தக்கு (கீழ் சுருதி மிருதங்கம்) வேணும், அது 24 அங்குலமும் அதுக்கு மேலயும். பொம்பளைக் குரல் 5 கட்டை சுத்தி, அதுக்கு ஹெச்சு (மேல் சுருதி), 22 கிட்ட. வீட்டுல சாதகம் பண்றதுக்குத் தக்கு நல்லது. வார் (தோலை இழுத்துக் கட்டற பட்டை) இழுவை கம்மி, புதுக் கைக்கு மெதுவா இருக்கும்.

பழசுல பாக்க வேண்டியது: கட்டை (மர உடம்பு) பலாவா, வெடிப்பு இருக்குதா. வெயில்ல புடிச்சு உள்ளுக்குள்ள பாக்க முடியாது, அதனால கட்டை மேல விரல் மடக்கித் தட்டிக்கிட்டே ஒரு சுத்து வாங்க. எங்கயாச்சும் சத்தம் பொத்துப் போன மாதிரி வந்தா அங்க வெடிப்போ பூச்சியோ இருக்குது, வாங்காதீங்க. தோல் போனா மாத்திக்கலாம், கட்டை போனா போனதுதான். வலந்தலைக் (வலது பக்கத் தோல்) கருப்புல முடி மாதிரி கீறல் இருந்தா பயப்பட வேண்டாம். அது கிட்டான் கல்லுப் பொடியும் சோறும் சேத்துத் தேச்சுத் தேச்சு ஏத்தினது, அந்தக் கீறல் இருந்தாத்தான் தோல் ஆடும். பொடி உதிர்ந்து, அடிக்கறப்ப 'ஙொய்'னு இரைஞ்சா மட்டும் சோறு மாத்தோணும்.

சுருதி சேக்கறது: கண் (வார் கோத்திருக்கற துளை) ஒவ்வொண்ணுக்கும் நேரா மீட்டுல தட்டிப் பாருங்க. எங்க கம்மியா இருக்குதோ அங்க தோல் ஓரத்துப் பின்னலைக் கல்லால கட்டைப் பக்கமாத் தட்டினா ஏறும். எங்க கூடுதலோ அங்க அடியில இருந்து மேல் பக்கமாத் தட்டினா எறங்கும். ஒரு எடத்துல தட்டினா அடுத்து அதுக்கு நேர் எதிர்ல பாக்கோணும், பக்கத்துல இல்லை. வரிசையா சுத்திக்கிட்டே தட்டினா தோல் ஒரு பக்கமா இழுத்துக்கும், அப்புறம் எத்தனை தட்டினாலும் சேராது. கல்லு தோல் மேல பட்டுரக் கூடாது. அதுக்குத்தான் நடுவுல கட்டைத் துண்டு வெச்சு அது மேல அடிக்கறது.

தொப்பிக்கு ரவை. ரெண்டு டீஸ்பூன் ரவையில தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுப் பெசையுங்க, ஒரே தடவையா ஊத்தாதீங்க. இழுத்தா சவ்வு மாதிரி வர்ற வரைக்கும் பெசையோணும். தோலை ஈரத் துணியில தொடச்சுட்டு, நடுவுல வெச்சுக் கட்டை விரலால வெளிப்பக்கமாத் தேய்ச்சு விடுங்க. வலந்தலை ஆதார சட்சம்னா தொப்பி அதுக்குக் கீழ் ஸ்தாயி சட்சத்துல நிக்கோணும். சத்தம் மேல இருந்தா ரவை சேருங்க, கீழ போயிருந்தா கிள்ளி எடுங்க. தண்ணி கூடினா பரவி ஓடும், பெசைஞ்சது பத்தலைன்னா வாசிக்கறப்ப உதிர்ந்து மடியில விழும். முடிஞ்சதும் எடுத்துட்டு ஈரத் துணியில தொடச்சிருங்க. காய விட்டா ரவை தோலை இழுத்து வெடிக்க வெச்சிரும்.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு சேதி. சித்திரை வெயில்ல தோல் காய்ஞ்சு சுருதி ஏறும், மார்கழி, தை பனியில எறங்கும். ஆடிக் காத்துல சன்னலோரம் வெச்சா ஒரே நாள்ல ரெண்டும் நடக்கும். கார் டிக்கியில மட்டும் வைக்காதீங்க. உறைக்குள்ள போட்டு, வீட்டு நடு அறையில, சுவரை ஒட்டாம வையுங்க. பறையைக் காய்ச்சற மாதிரி இதை நெருப்புல காட்டறதுக்குப் பசங்க கை தன்னால போகும், அதைக் கண்டிப்பா தடுக்கோணும். பறையில தோலைப் புளியங்கொட்டைப் பசையில ஒட்டியிருக்கும், சூடு காட்டித்தான் ஏத்தோணும். இதுல ஏத்தறதுக்கு வார் இருக்குது. நெருப்புல காட்டினா கருப்புச் சோறு பேந்துரும்.

காவடிமேளம்:

எல்லாரும் மிருதங்கத்துப் பக்கம் இருந்தே பேசறீங்க. செட்டு பக்கம் இருந்து நாலு வார்த்தை சொல்லோணுமுங்க.

அவங்க கையில இருக்கற அடிகளை முதல்ல எழுதச் சொல்லுங்க. சாமியாட்ட அடி, வாழ்த்தடி, சாவு அடின்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்குது. ஊருக்கு ஊரு பேரும் மாறும், அடியும் மாறும். ஒரு நோட்டுல பக்கத்துக்கு ஒரு அடி: பேரு, எப்ப அடிக்கறது, எதுல இருந்து எதுக்கு மாறறது, வாய்ச்சொல், எத்தனை எண்ணிக்கை. பெரியவங்ககிட்ட வாயால சொல்லச் சொல்லி போன்ல பதிஞ்சு வையுங்க. வாத்தியத்துல அடிச்சுப் பதிஞ்சா மட்டும் பத்தாது, செட்டா அடிக்கறப்ப எந்தச் சொல்லு எந்தக் கையினு பின்னாடி பிரிக்க முடியாது. தாளம் படிச்சப்புறம் அந்த அடிக்கு எண்ணிக்கை போடலாம், ஆனா எண்ணிக்கைக்காக அடியைத் திருத்தக் கூடாது. ஏழரையில நிக்கற மாதிரி தெரியற அடி, ஆடறவன் அடி வெச்சுத் திரும்பற எடத்துக்காக அப்படி இருக்கும். அதை எட்டாக்கினா ஆட்டம் செத்துப் போகும்.

வேகம் ஏறறதைப் பத்தி. ஊர்வலத்துல ஏறறது தப்பில்லைங்க, ஆட்டத்தோட போறதுதான் அங்க மொறை. தானா ஏறுதா, தெரிஞ்சு ஏத்தறமாங்கறதுதான் விசயம். பத்து நிமிஷம் ஒரே அடியைப் பதிஞ்சுட்டு, முதல் நிமிஷத்துல எத்தனை தட்டு, கடைசி நிமிஷத்துல எத்தனை தட்டுன்னு எண்ணுங்க. 70 இருந்தது 80 ஆயிருந்தா எங்க ஏறுதுன்னு கேட்டுப் பாருங்க. அடி மாறற எடத்துலதான் ஏறியிருக்கும். மெட்ரோனோமை நாலு தட்டு கேக்க வெச்சு நாலு தட்டு அமுக்கி, திரும்பக் கேக்கறப்ப கூட விழுகுதான்னு பாக்கறது நல்ல மருந்து. நாலு சரியாச்சுன்னா எட்டு அமுக்குங்க.

ரெண்டு மணி நேரம் துடும்பு அடிச்ச அன்னிக்கு மிருதங்கத்துல கை வைக்காதீங்க. விரல் வீங்கியிருக்கும், தோல்ல பட்ட அளவு தெரியாது, தப்பான பலத்துலயே பழகிரும். நோம்பி நடக்கற மாசத்துல வாய்ச்சொல் மட்டும் போதும்.

இன்னொண்ணு, காது. 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் இருக்கலாம்ங்கறது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 94ன்னா 1 மணி நேரம், 100ன்னா கால் மணி நேரம். செட்டு நடுவுல நிக்கறவனுக்கு இந்தக் கால் மணி நேரம் ஊரைப் பாதி சுத்தறதுக்குள்ள முடிஞ்சிரும். பஞ்சு வெச்சா போதாது, மருந்துக் கடையில நுரையில செஞ்ச காதடைப்பான் கிடைக்கும். சுருட்டி, காதை மேல இழுத்துப் புடிச்சு உள்ள வெச்சு, அது விரியற வரைக்கும் விரலால அமுக்கிட்டு இருக்கோணும். அடிச்சு முடிச்சப்புறம் காதுல 'ங்ஙீ'னு இரைச்சல் நின்னா, அன்னிக்கு அளவு மீறிருச்சுன்னு அர்த்தம். மேல் சுருதி போன காதை வெச்சுக்கிட்டு மீட்டு எங்க சேந்திருக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அமராவதிக்கரை:

நோட்டுப் போடற வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கறமுங்க. கடைசியா ஒண்ணு. ஒருத்தன் யூடியூப்ல பாத்து "ததிங்கிணதோம்" மூணு தடவை சொல்லி முடிக்கறான். ஒரு தடவை சமத்துல (தாளத்தோட முதல் தட்டு) விழுகுது, ஒரு தடவை தப்பிப் போகுது. எங்க எடுக்கறதுன்னு (ஆரம்பிக்கறதுன்னு) தெரியலைங்கறான்.

வலந்தலை_ஈரோடு:

தப்பு அவன் மேல இல்லைங்க, அந்தக் கணக்கு அப்படி. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுத்து) 8 எண்ணிக்கை, ஒவ்வொண்ணையும் 4 மாத்திரையாப் பிரிச்சா 32. ததிங்கிணதோம் 5. மூணு தடவை 15. நடுவுல ரெண்டு எடத்துல ஒரே அளவு இடைவெளி விடறோம். இடைவெளி எத்தனை விட்டாலும் ரெண்டால பெருகி இரட்டைப் படையாத்தான் வரும், 15 ஒற்றைப் படை. கூட்டினா எப்பவும் ஒற்றை. அப்ப சமத்துல முடியோணும்னா தட்டு மேல எடுக்கவே முடியாது, தள்ளித்தான் எடுக்கோணும். பையன் தட்டு மேல எடுத்துட்டு, கடைசியில அவசரப்பட்டோ இழுத்தோ சமத்தைப் புடிக்கறான், அதான் ஒரு நாள் விழுந்து ஒரு நாள் தப்புது.

இடைவெளி 2 வெச்சா மொத்தம் 19. 32ல கழிச்சா 13. மூணு எண்ணிக்கை முடிஞ்சு, நடு விரல் வெச்சு ஒரு மாத்திரை விட்டு எடுக்கோணும். இடைவெளியே இல்லைன்னா 15, கழிச்சா 17. அஞ்சாவது எண்ணிக்கைத் தட்டு விழுந்து ஒரு மாத்திரை விட்டு.

இது கஷ்டமா இருந்தா முதல்ல ஆறுல பழக்குங்க. "ததீ,கிணதோம்". தீக்கு அப்புறம் ஒரு மாத்திரை கார்வை (நீட்டி நிக்கறது) சேத்தா 6. மூணு தடவை 18, நடுவுல ரெண்டு எடத்துலயும் 1 விட்டா 20. 32ல 20 போனா 12, சரியா மூணு எண்ணிக்கை. நடு விரல் வைக்கறப்பவே எடுக்கலாம், தள்ள வேண்டியதில்லை. 6, 1, 6, 1, 6, அடுத்த "தா" சமத்துல.

அந்த ஒரு மாத்திரை இடைவெளியில வாயை மூடிட்டுச் சும்மா இருந்தா புதுசுல அது சுருங்கிரும். அங்க மெதுவா ஒரு "ம்" சொல்லிப் பழகட்டும். பத்து நாள் கழிச்சு "ம்"மை விட்டுட்டுச் சொல்லச் சொல்லுங்க. அப்பவும் சமத்துல விழுந்தா அடுத்த நாளே ததிங்கிணதோமுக்குத் திரும்பி, நடு விரல்ல இருந்து ஒரு மாத்திரை தள்ளி எடுக்கச் சொல்லலாம்.